ஃபாரஸ்டல் கப்பலில் ராக்கெட் தானாகப் பாய்ந்ததற்கு ரேடார்தான் காரணமா?

கடல்காகம்:

எல்லோருக்கும் வணக்கம். வணிகக் கப்பல்களில் எலெக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசராகப் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கரையில் கப்பல் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் மின்காந்தக் குறுக்கீடு பற்றிய வகுப்பு. சூத்திரத்தில் ஆரம்பித்தால் யார் மனதிலும் நிற்காது என்பதால் எப்போதும் அமெரிக்கக் கடற்படையின் ஃபாரஸ்டல் கப்பலில் நடந்ததைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

1967 ஜூலை 29, டோன்கின் வளைகுடா, வியட்நாம் போர் நேரம். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் முழுக்க எரிபொருளும் குண்டும் ஏற்றிய விமானங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு ஃபான்டம் விமானத்தில் மாட்டியிருந்த சூனி ராக்கெட், யாரும் பொத்தானை அழுத்தாமலே பாய்ந்து, தளத்தின் மறுபக்கம் நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் எரிபொருள் டாங்கைக் கிழிக்கிறது. முதலில் தீ, அப்புறம் தீயில் கிடந்த குண்டுகள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. 134 பேர் இறந்துபோனார்கள். கப்பல் ரேடாரின் அலை விமானத்தின் ஒயரில் ஏறியதால்தான் அந்த ராக்கெட் பற்றிக்கொண்டது என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.

இந்த முறை ஒரு மாணவி எழுந்து, "சார், விசாரணை அறிக்கையில் ரேடார் என்று இல்லையே, வெளி மின்சாரத்திலிருந்து விமானத்தின் சொந்த மின்சாரத்துக்கு மாற்றும்போது வந்த மின்னெழுச்சி, அதாவது மின்னழுத்தம் திடீரென ஏறியது என்றுதானே போட்டிருக்கிறது" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். இணையத்தில் தேடினால் இரண்டு கதையும் சம அளவுக்குக் கிடைக்கிறது. எது சரி? ரேடார் இல்லை என்றால், போர்க்கப்பல்களில் வெடிபொருள் ஏற்றும்போது ரேடியோவையும் ரேடாரையும் அணைக்கிறார்களே, அது எதற்காக? தவறாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அடுத்த வகுப்பிலேயே திருத்திவிட வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

அலைவரிசை:

ரேடார்தான். 1995-ல் நாசா வெளியிட்ட மின்காந்தக் குறுக்கீட்டு விபத்துகள் பற்றிய அறிக்கையிலேயே இருக்கிறது. விமானத்தில் ஒரு கேபிளின் உலோக உறை சரியாக முடிக்கப்படாமல் சிதைந்திருந்தது, அதன் வழியாக ரேடார் அலை உள்ளே புகுந்தது என்று எழுதியிருக்கிறார்கள். நாசாவே சொல்லும்போது சந்தேகப்பட என்ன இருக்கிறது? 1982-ல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பல் போனதும் இதே காரணத்தால்தான், அதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

பிரிட்ஜ்வயர்:

கடல்காகம், உங்கள் மாணவி சொன்னது சரி. நான் கடற்படையில் ஆயுத மின்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கப்பல், என்ன ஆயுதம் என்றெல்லாம் எழுத மாட்டேன். கீழே இருப்பது எல்லாம் பொதுவில் வெளியானவைதான்.

முதலில் அந்த நாசா அறிக்கை. அதில் அந்தப் பத்தி இருப்பது உண்மைதான். ஆனால் அதில் ஒரு விமானம் தரையிறங்கிக்கொண்டிருந்தபோது இது நடந்ததாகப் போட்டிருக்கிறது. ராக்கெட்டை விட்ட ஃபான்டம் தரையிறங்கவே இல்லை. அடுத்த தாக்குதலுக்குப் புறப்பட இஞ்சினைக் கிளப்பிக்கொண்டு தளத்தின் பின்பகுதியில் நின்ற விமானம் அது. அடிப்படையான இந்த விவரத்திலேயே பிழை இருக்கிறது. கடற்படையின் சொந்த விசாரணை ரேடாரைக் குற்றம் சொல்லவில்லை, வெளி மின்சாரத்திலிருந்து உள் மின்சாரத்துக்கு மாற்றிய நொடியில் வந்த மின்னெழுச்சி என்றுதான் முடித்தது. நாசா பெயர் இருந்ததால் அந்தப் பத்தி பாடப்புத்தகங்களுக்கும் வகுப்புகளுக்கும் அப்படியே போய்விட்டது. நீங்கள் அதை நம்பியதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை.

ஷெஃபீல்டில் நடந்தது வேறு, அலைவரிசை. அங்கே செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை இயக்கியதால் எதிரி ரேடாரைக் கண்டுபிடிக்கும் கருவி அந்த நேரம் பயன்படாமல் போனது. எக்ஸோசெட் ஏவுகணை வருவதைக் கவனிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கருவியின் அலை இன்னொரு கருவியின் காதை அடைத்த கதை அது. வெடிபொருள் தானாகப் பற்றுவதோடு சேர்த்துச் சொன்னால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. அந்தத் துறைக்கே ஆங்கிலத்தில் 'ஹீரோ' என்று சுருக்கப்பெயர் வைத்திருக்கிறார்கள். மின்காந்தக் கதிர்வீச்சால் வெடிபொருளுக்கு வரும் ஆபத்து என்பது அதன் பொருள். மனிதர்களுக்கு வரும் ஆபத்தும் எரிபொருளுக்கு வரும் ஆபத்தும் தனித்தனிப் பெயரில் இருக்கின்றன. ரேடார் அலை பட்டதும் குண்டு வெடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது அப்படி வேலை செய்வதில்லை. குண்டுக்குள் இருக்கும் முக்கிய வெடிமருந்துக்கு ரேடியோ அலையால் ஒன்றும் ஆகாது. பலவீனமான இடம் வேறு. ராக்கெட் மோட்டாரைப் பற்றவைக்கவும், குண்டை இறக்கையிலிருந்து தள்ளிவிடவும், அதை வெடிக்கச் செய்யும் ஃபியூஸை இயக்கவும் மின்சாரத்தால் பற்றும் சிறிய இக்னைட்டர்கள் இருக்கின்றன. அதற்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே தலைமுடியை விட மெல்லிய ஒரு இழை. அதைச் சுற்றி வெப்பம் பட்டதும் பற்றும் மருந்தை அழுத்தி வைத்திருப்பார்கள். இழையில் மின்னோட்டம் பாய்ந்தால் சூடாகும், சூடானால் மருந்து பற்றும், அவ்வளவுதான். நேர்மின்னோட்டமா, மாறுமின்னோட்டமா, ரேடியோ அலைவரிசையா என்று அந்த இழைக்கு எந்த வேறுபாடும் கிடையாது.

அந்த இழைக்குப் போகும் ஒயரை நினைத்துப் பாருங்கள். நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆன்டெனா. கப்பலிலோ ஆன்டெனாவிலிருந்து தள்ளிப் போக இடமே இல்லை. நிலத்தில் ஒரு ராணுவ முகாமில் ரேடாரை ஒரு மலையிலும் வெடிபொருளை இன்னொரு மலையிலும் வைக்கலாம். கப்பலில் குண்டு ஏற்றும் இடத்துக்குத் தலைக்கு மேலேயே கம்பம், அதில் ஆறேழு ரேடார், பக்கத்தில் எச்எஃப் என்ற குறுகிய அலை ஆன்டெனா. உலகத்தில் வேறு எங்கும் இவ்வளவு வலுவான ரேடியோ புலத்துக்குள் நின்று மனிதர்கள் வெடிபொருளைக் கையில் தொட்டு வேலை செய்வது அரிது.

ஒரு ஏவுகணை முழுதாக, மூடி எல்லாம் போட்டு, அதன் உலோக உடம்புக்குள் இருக்கும்போது ஓரளவு நிம்மதி. அந்த உடம்பே அலையைத் தடுக்கும் கூண்டு. அதன் மூடியைத் திறந்து கனெக்டரை மாட்டப் போகும் அந்தச் சில நொடிகள்தான் மோசமான நேரம். கூண்டில் ஓட்டை விழுகிறது. அப்போது ஒரு ஆள் கனெக்டரின் முனையை விரலால் தொட்டால் அவன் உடம்பும் ஆன்டெனாவின் பகுதி ஆகிவிடுகிறது. அதனால்தான் விதிகளில் ஒரு ஆயுதம் பாதுகாப்பானதா, எளிதில் பாதிக்கப்படக்கூடியதா, பாதுகாப்பற்றதா என்று வகை பிரிக்கும்போது ஆயுதத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். காலையில் மூடியோடு இருந்தபோது பாதுகாப்பான வகையில் இருந்த அதே பொருள், மதியம் பிரித்து ஒயரைச் சோதிக்கும்போது பாதுகாப்பற்ற வகைக்குப் போய்விடும். இதை உங்கள் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

எல்லா ரேடாரையும் அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போர்க்கப்பல் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அதனால் ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக ஒரு அட்டவணை இருக்கும். இந்த ஆயுதத்தை இந்த இடத்தில் கையாளும்போது எந்த டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும், எதை எவ்வளவு சக்திக்குக் குறைக்க வேண்டும், எந்த ரேடார் எந்தத் திசைக்கு அலை அனுப்பக்கூடாது என்று அதில் இருக்கும். ஆயுதப் பிரிவு கேட்டு, கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜ் அனுமதி கொடுத்து, கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகுதான் மூடியில் கை வைப்பார்கள்.

பழைய ஸ்பார்க்ஸ்:

பிரிட்ஜ்வயர் ஐயா அருமையாக எழுதியிருக்கிறார். நான் தூத்துக்குடிக்காரன், ரேடியோ ஆபீசராக 1970-களின் கடைசியில் கப்பல் ஏறி, அந்த வேலையே இல்லாமல் போகும் வரை ஓடியவன். வெடிபொருளைத் தொட்டதில்லை. ஆனால் ஒயரில் அலை ஏறுவது என்றால் என்ன என்பதை என் கையிலேயே பார்த்திருக்கிறேன், அதைச் சொல்ல ஆசை.

அன்றைக்கு எங்களுடைய பெரிய டிரான்ஸ்மிட்டர் நடுத்தர அலையிலும் குறுகிய அலையிலும் வேலை செய்யும். ஆன்டெனா கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் கட்டிய நீளக் கம்பி. ஒரு நாள் நான் மோர்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் மேலே சுக்கான் அறைக் கூரையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கம்பத்தைத் தாங்கும் எஃகுக் கயிற்றைப் பிடித்திருக்கிறான். அந்தக் கயிறு எந்த மின்சாரத்தோடும் இணைக்கப்படாதது, வெறும் கயிறு. அதன் அடியில் துருப்பிடித்துத் தரையோடு தொடர்பு விட்டுப்போயிருந்தது. பையன் உள்ளங்கையில் சிறிய வெள்ளைப் புள்ளியாக ஒரு தீக்காயம். பார்க்கச் சின்னது, ஆனால் உள்ளே ஆழமாகச் சுட்டிருந்தது, ஆற மூன்று வாரம் ஆனது. மேலே ஆள் இருக்கிறார்களா என்று கேட்காமல் சாவியில் கை வைத்தது என் தவறுதான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அப்படிச் செய்ததில்லை.

ஒன்றோடும் இணைக்காத ஒரு எஃகுக் கயிற்றில் கை பொசுங்கும் அளவுக்கு அலை ஏறும் என்றால், இக்னைட்டரோடு இணைத்த ஒயரில் ஏறாதா? எச்எஃப் என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. கப்பலில் இருக்கும் கிரேன், கம்பிக்கயிறு, ஏணி, கைப்பிடி எல்லாமே இந்த நீளத்தின் பாதியோ கால் பங்கோ இருக்கும். அதனால் அவை தாங்களாகவே ஆன்டெனா ஆகின்றன. கிரேன் கொக்கியில் தொங்கும் இரும்பு ஒரு பெட்டியைத் தொடும் நேரத்தில் பொறி பறக்கும். வெடிபொருள் ஏற்றும் இடங்களில் கொக்கிக்கு மேலே மின்சாரம் கடத்தாத இணைப்பு ஒன்று போடுவார்கள், அது இதற்காகத்தான்.

தம்பி கடல்காகம், உங்களுக்குத் தெரிந்த டாங்கர் (எண்ணெய்க் கப்பல்) விதிகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். எண்ணெய் முனையத்தில் கட்டியிருக்கும்போது பெரிய டிரான்ஸ்மிட்டரை இயக்கக்கூடாது, ஆன்டெனாவைத் தரையோடு இணைத்துவிட வேண்டும், கப்பலில் பொருத்திய விஎச்எஃப் ரேடியோ கருவியை 1 வாட் அல்லது அதற்குக் கீழே வைக்க வேண்டும், ரேடாரைப் போட வேண்டுமென்றால் முனையத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு எழுதிவிடுகிறார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. காரணம் இதுதான். ஒரு பக்கம் எண்ணெய் ஆவி, மறுபக்கம் வெடிமருந்து.

கடல்காகம்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி ஐயா. நாசா அறிக்கையில் 'தரையிறங்கும் விமானம்' என்று இருந்ததை நானும் படித்திருக்கிறேன், அது எனக்கு உறைக்கவே இல்லை. இனி வகுப்பில் ரேடார் என்று சொல்ல மாட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கையில் வைத்திருக்கும் வாக்கி-டாக்கி 5 வாட்தானே, ரேடார் மெகாவாட் கணக்கில் இருக்கிறது. விதிகளில் இரண்டையும் ஒரே மாதிரி கண்டிப்போடு பார்ப்பது எதனால்? அப்புறம், ஃபாரஸ்டலில் மின்னெழுச்சி வந்தது சரி, அப்படி ஒரு சின்ன எழுச்சி வந்தாலே ராக்கெட் பாயும் என்றால் தினமும் பாய்ந்திருக்குமே. அன்றைக்கு மட்டும் எப்படி?

குவாரிக்காரன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கல் குவாரியில் வெடி வைக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், லைசன்ஸ் வைத்திருந்தேன். கப்பல் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த மெல்லிய இழை எனக்கு நன்றாகத் தெரியும், நாங்கள் கேப் என்று சொல்லும் எலெக்ட்ரிக் டெட்டனேட்டருக்குள் இருப்பதும் அதுதான்.

கேப்பிலிருந்து இரண்டு ஒயர் வெளியே வரும். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இரண்டின் நுனியும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அதைக் கடைசி நிமிடம் வரை பிரிக்கக்கூடாது என்பதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முதல் நாள் சொன்ன பாடம். நுனி சேர்ந்திருந்தால் இழையின் இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்கும். பிரித்து விட்டால் கால் விரித்த மாதிரி, அதுதான் ஐயா சொல்லும் ஆன்டெனா. சாதாரண கேப்புக்கு 50 மில்லியாம்பியருக்கு மேல் வழிதவறிய மின்னோட்டம் எந்த வகையிலும் வரக்கூடாது என்று கணக்கு. டார்ச் லைட் பல்பு எரிய வேண்டிய மின்னோட்டத்தை விடக் குறைவு அது.

ஒரு முறை எங்கள் குவாரி பக்கத்து ரோட்டில் கம்பம் போட்ட ஒரு வண்டி வந்து நின்று, ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். குழி எல்லாம் நிரப்பி ஒயரை நீளமாக இழுத்துப் போட்டிருந்தோம். மேஸ்திரி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிட்டு, தானே ஓடிப்போய் அந்த வண்டியை நகரச் சொல்லிவிட்டு வந்தார். அரை மணி நேர வேலை கெட்டது, முதலாளி கத்தினார். மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒயரை வளையமாக விரித்துப் போடாமல் இரண்டையும் ஒட்டினாற்போல் தரையோடு தரையாகப் போடவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். விரிந்த வளையம் அதிகமாக அலை வாங்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்தது, அதன் கணக்கு எனக்கு இங்கேதான் புரிகிறது.

பிரிட்ஜ்வயர்:

குவாரிக்காரன், உங்கள் மேஸ்திரி செய்ததுதான் சரி.

வாக்கி-டாக்கி கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், மாணவர்களையும் போடச் சொல்லுங்கள். ஓரளவு தள்ளி நிற்கும்போது மின்புலம் எவ்வளவு என்று தெரிய, சக்தியை வாட்டில் எடுத்து, ஆன்டெனாவின் பெருக்கத்தாலும் (அலையை ஒரு பக்கமாகக் குவிக்கும் அளவு) 30-ஆலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தூரத்தை மீட்டரில் போட்டு வகுத்தால் போதும். 5 வாட் வாக்கி-டாக்கி, பெருக்கம் 1.64 உள்ள சாதாரண ஆன்டெனா, 3 மீட்டர் தூரம். கிட்டத்தட்ட மீட்டருக்கு 5 வோல்ட் வரும். இப்போது உச்சச் சக்தி 1 மெகாவாட், பெருக்கம் 1,000 உள்ள ரேடார், 1 கிலோமீட்டர் தூரம், கற்றை நேராக நம் மேல் படுகிறது என்று வையுங்கள். உச்சப் புலம் மீட்டருக்கு 173 வோல்ட். ஆனால் ரேடார் துடிப்பு துடிப்பாகத்தான் அலை அனுப்பும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் அனுப்புகிறது என்றால் சராசரி அளவில் அதுவும் மீட்டருக்கு ஐந்தரை வோல்ட்தான். மூன்று மீட்டரில் நிற்கும் ஆளின் கையில் இருக்கும் சின்னப் பெட்டியும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெகாவாட் ரேடாரும் அந்த இழையைச் சூடாக்குவதில் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சமம். அந்த ஆள் இன்னும் பக்கத்தில் வந்தால் இந்தச் சூத்திரமே பொருந்தாது, புலம் வேறு மாதிரி ஏறும். ரேடார் எங்கே இருக்கிறது என்று கப்பலில் எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியும் இடுப்பில் இருக்கும் ரேடியோவும் யார் கண்ணிலும் படாது, அவை ஆளோடு சேர்ந்து நடந்து வரும். அதனால்தான் கண்டிப்பு.

சராசரியை மட்டும் பார்த்துவிட்டு உச்சத்தை விட்டுவிடவும் கூடாது. இழை மிகச் சிறியது, சீக்கிரம் சூடேறும். துடிப்பு வலுவாகவும் நீளமாகவும் இருந்தால் ஆறுவதற்கு முன்பே பற்றிவிடும். அதனால் இரண்டையும் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் டால்க்ரன் கடற்படை மையம் இந்தச் சோதனைகளுக்குப் பெயர் பெற்றது. வெடிமருந்தை எடுத்துவிட்டு இழையை மட்டும் விட்டு, அதன் சூட்டை அளக்கும் உணரியைப் பொருத்தி, கப்பலில் இருப்பது போன்ற புலத்துக்குள் வைத்து, ஆட்கள் நிஜமாகவே அதைத் தூக்கி மாட்டிக் கழற்றிப் பார்ப்பார்கள். ஒரு இழை பற்றாது என்று நிச்சயமாகத் தெரிந்த மின்னோட்டத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அலையால் ஏறக்கூடாது என்பது விதி. அமெரிக்க ராணுவத் தரவிதியான மில்-ஸ்டாண்டர்ட் 464-ல் இதை 16.5 டெசிபல் இடைவெளி என்று எழுதியிருப்பார்கள். இன்றைய இக்னைட்டர்களில் பலவற்றை 1 ஆம்பியர், 1 வாட் ஐந்து நிமிடம் பாய்ந்தாலும் பற்றாத மாதிரி செய்கிறார்கள். குவாரி கேப்பின் 50 மில்லியாம்பியரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

இனி ஃபாரஸ்டல். இதை எழுதும்போது இன்றும் மனசு கனக்கிறது, ஏனென்றால் அங்கே பாதுகாப்பு இல்லாமல் இல்லை. இரண்டு பூட்டு இருந்தது. ஒன்று, ராக்கெட் தொங்கும் தாங்கியில் செருகும் பின், அதாவது ஒரு பாதுகாப்பு ஊசி. அது இருக்கும் வரை மின்சாரம் ராக்கெட்டுக்குப் போகாது. மற்றொன்று, பிக்டெயில் என்று அவர்கள் சொல்லும் ஒயர் இணைப்பு. விமானம், அதை உந்தி ஏவும் கேட்டபல்டில் ஏறி, மூக்கு கடலைப் பார்த்து நின்ற பிறகுதான் அதைச் செருக வேண்டும் என்பது விதி. அப்போது தவறிப் பாய்ந்தாலும் ராக்கெட் கடலுக்குத்தான் போகும். ஆனால் கேட்டபல்டில் வைத்து ஒவ்வொன்றாகச் செருகினால் புறப்பாடு தாமதமாகிறது. அதனால் விமானங்கள் வரிசையாக நிற்கும் இடத்திலேயே செருகிவிடலாம் என்று கப்பலுக்குள்ளேயே ஒரு முடிவு எடுத்தார்கள், பின் இருக்கிறதே என்ற தைரியம். கப்பலின் கேப்டன் பீலிங்குக்கு அந்த முடிவு போய்ச் சேரவில்லை. மறுபக்கம் பின்னையும் முன்கூட்டியே எடுக்கும் பழக்கம் இருந்தது. பின்னில் கட்டிய துணிப் பட்டை பலத்த காற்றில் படபடத்துப் பின்னையே பிடுங்கிக்கொண்டு போவதும் உண்டு. அதற்கு இன்னொரு தைரியம், பிக்டெயில் செருகவில்லையே என்று. இரண்டு கூட்டமும் மற்றவனின் பூட்டை நம்பித் தன் பூட்டைத் திறந்து வைத்தது. 10 மணி 51 நிமிடத்துக்கு அந்த மின்னெழுச்சி வந்தபோது நடுவே ஒன்றுமே இல்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, தினமும் ஏன் பாயவில்லை என்று. மின்னெழுச்சி தினமும் வந்திருக்கலாம், தினமும் ஏதாவது ஒரு பூட்டு போட்டிருந்திருக்கும்.

இதில் இன்னொன்றையும் யோசியுங்கள். மின்னெழுச்சிக்குத் தீர்வு, பிக்டெயிலைச் செருகாமல் விடுவது. ஆனால் செருகாமல் சும்மா தொங்கவிட்ட ஒயர் ரேடியோ அலைக்கு ஆன்டெனா. ஒன்றிலிருந்து காப்பாற்றும் செயல் இன்னொன்றுக்கு வழி திறக்கிறது. அதனால்தான் செருகாத முனைக்கெல்லாம் உலோக மூடி போடச் சொல்கிறார்கள், செருகும் நேரத்தில் டிரான்ஸ்மிட்டரைக் கட்டுப்படுத்தச் சொல்கிறார்கள். நீங்கள் ரேடாரை ஃபாரஸ்டல் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள், பாடத்திலிருந்து எடுக்காதீர்கள்.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைக்குத் தளத்தில் இருந்த 1,000 பவுண்டு குண்டுகளில் சில, முதல் நாள்தான் டைமண்ட் ஹெட் என்ற வெடிபொருள் கப்பலிலிருந்து வந்தவை. பழைய காலத்து காம்போசிஷன் பி மருந்து நிரப்பியவை. புதிய குண்டாக இருந்தால் தீயில் பத்து நிமிடம் தாங்கும் என்ற நம்பிக்கையில் தீயணைப்புக் குழுவின் தலைவர் ஜெரால்ட் ஃபாரியர் கையில் ஒரு சிறிய தீயணைப்பானோடு குண்டை நோக்கி ஓடினார். ஒன்றரை நிமிடத்தில் வெடித்துவிட்டது. அவரும் குழுவில் பெரும்பாலானவர்களும் அங்கேயே போய்விட்டார்கள். நார்ஃபோக்கில் இருக்கும் கடற்படையின் தீயணைப்புப் பள்ளிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தளத்துக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைப் புதிதாகச் சேரும் மாலுமிகளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அலைவரிசை:

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், ஷெஃபீல்டையும் தவறாக இழுத்துவிட்டேன். விளக்கியதற்கு நன்றி ஐயா. ஒரு கேள்வி, 1985-ல் ஜெர்மனியில் பெர்ஷிங் ஏவுகணை தீப்பிடித்ததே, அதையும் ரேடியோ அலை என்றுதான் கேள்விப்பட்டேன். அதுவும் அப்படித்தானா?

பிரிட்ஜ்வயர்:

அது நிலைமின்சாரம். ஹைல்பிரானுக்குப் பக்கத்தில், 1985 ஜனவரி 11, குளிர்ந்து உலர்ந்த காற்று. பெட்டியிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது அதன் கெவ்லார் என்ற செயற்கை நார் உறையில் உராய்வால் மின்னூட்டம் ஏறி, உள்ளே இருந்த எரிபொருளே நேரடியாகப் பற்றியது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். அங்கே இக்னைட்டர் இழைக்கு வேலையே இல்லை. இதையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடல்காகம்:

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். முதலில் அந்த மாணவியை எழுப்பி, நீ சொன்னதுதான் சரி, நான் மூன்று வருடமாகத் தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிப் போட்டுவிட்டேன், சிலர் இப்போது கடலில் இருக்கிறார்கள்.

வாக்கி-டாக்கிக் கணக்கைப் பலகையில் போடச் சொன்னேன். 5.2-ம் 5.5-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஒரு பையன் தன் இடுப்பில் இருந்த செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டான். குவாரிக்காரன் அண்ணா சொன்ன மாதிரி ஒரு ஜோடி ஒயரை ஒட்டி வைத்தும், வளையமாக விரித்து வைத்தும், நுனியில் சின்ன எல்இடி மாட்டி, பக்கத்தில் விஎச்எஃப் செட்டை அழுத்திக் காட்டலாம் என்று ஆசை. பழைய ஸ்பார்க்ஸ் ஐயா, ஒயர் எவ்வளவு நீளம் எடுத்தால் எல்இடி தெளிவாக எரியும்? சாதாரண எல்இடி போதுமா?

பழைய ஸ்பார்க்ஸ்:

156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் என்றால் முழு அலைநீளம் 1.9 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் 46 சென்டிமீட்டர் வைத்து நேராக விரியுங்கள், நடுவில் எல்இடி. அதன் கால்களுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு வேகமான சிறு டயோடும் போட்டால் நன்றாக எரியும். ஆனால் நிஜமான ஆன்டெனாவை வைத்து அலைவரிசையில் சும்மா அழுத்தாதீர்கள் தம்பி, அனுமதி வாங்கிக்கொண்டு 1 வாட்டில் வைத்து, காலியான சேனலில், இரண்டு நொடி மட்டும். அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் பக்கமே போக வேண்டாம்.